பார்த்தால் போதும், படம் வேண்டாம்: குறுகிய கால வாடகை வீடுகளில் அடையாளச் சோதனை

பள்ளி விடுமுறை, பட்டமளிப்பு விழா, தைப்பூசம். இந்த மூன்று காலங்களிலும் நம் குடும்பங்களில் எழும் கேள்வி ஒன்றுதான்: எங்கே தங்குவது? ஹோட்டலில் மூன்று அறைகள் எடுப்பதைவிட மூன்று அறைகள் கொண்ட ஒரு வீட்டை இரண்டு நாளுக்கு எடுத்தால் செலவு குறையும், சமைத்துக்கொள்ளலாம், தாத்தா பாட்டியும் உடன் இருக்கலாம். அதனால் பத்துமலைக்கும் பினாங்கிற்கும் செல்லும் பலர் இன்று 'ஹோம்ஸ்டே' என்று நாம் பொதுவாக அழைக்கும் வாடகை வீடுகளையே தேடுகிறார்கள்.

வீடு கிடைத்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். "தங்கப்போகும் எல்லாருடைய ஐசியையும் முன்பக்கம், பின்பக்கம் படம் எடுத்து அனுப்புங்கள்." அனுப்பலாமா, கூடாதா? அனுப்பினால் அந்தப் படம் யார் கையில் எத்தனை நாள் இருக்கும்? அனுப்ப மறுத்தால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா? தங்க வருபவருக்கு இந்தத் தயக்கம் இயல்பானது.

மறுபக்கத்தில் இருப்பவருக்கும் பயம் உண்டு. முகம் தெரியாத ஒருவரிடம் தன் வீட்டுக் கதவின் இரகசிய எண்ணைக் கொடுக்கப்போகிறார். வருபவர் குடும்பத்தோடு வருகிறாரா, அறுபது பேரைக் கூட்டி விருந்து வைக்கப்போகிறாரா, போதைப்பொருள் கைமாற்றும் இடமாக அந்த வீட்டைப் பயன்படுத்தப்போகிறாரா? எதுவும் அவருக்குத் தெரியாது.

இரண்டு பயங்களும் நியாயமானவை. இளையோர் இந்த விவகாரத்தில் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். நண்பர்களோடு மலாக்காவுக்கோ ஜொகூர் பாருவுக்கோ போகும்போது அவர்கள் விருந்தினர்கள். படித்துக்கொண்டே பகுதிநேரமாக யாருடைய வாடகை வீட்டையோ கவனித்துக்கொள்ளும்போது, சாவி கொடுப்பது, படுக்கை விரிப்பை மாற்றுவது, விருந்தினரின் செய்திகளுக்குப் பதில் எழுதுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆகவே இந்த அடையாளச் சோதனை எதற்காக, எதுவரை என்பது அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

ஹோட்டலுக்கும் வீட்டுக்கும் நடுவே

மலேசியாவில் தங்கும் விடுதிகளுக்கு 1965ஆம் ஆண்டு முதலே விருந்தினர் பதிவுச் சட்டம் உள்ளது. ஹோட்டல் முகப்பில் நம் பெயரையும் அடையாள எண்ணையும் கேட்டுப் பதிவு செய்வது அந்த வழக்கத்தைச் சேர்ந்தது. ஹோட்டலில் முகப்பு உண்டு, பணியாளர் உண்டு, பதிவேடு உண்டு. யார் கேட்பது, யார் எழுதுவது என்பதில் குழப்பமில்லை.

வாடகை வீட்டில் அப்படி ஒரு முகப்பு கிடையாது. போதாக்குறைக்கு 'ஹோம்ஸ்டே' என்ற சொல்லே நம்மைக் குழப்புகிறது. 1995இல் பகாங், தெமர்லோவிலுள்ள டேசா மூர்னியில் தொடங்கப்பட்ட அரசாங்கத்தின் ஹோம்ஸ்டே திட்டம் வேறு. அதில் கிராமத்துக் குடும்பம் ஒன்று தன் வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைக்கிறது. வீட்டார் அங்கேயே இருப்பார்கள். சுற்றுலா அமைச்சின் பதிவும் உண்டு. இன்று நாம் கைப்பேசியில் முன்பதிவு செய்யும் கொண்டோமினியம் வீட்டில் உரிமையாளர் இருப்பதில்லை. பல நேரங்களில் அவர் முகத்தைக்கூட நாம் பார்ப்பதில்லை.

இத்தகைய வீடுகள் பற்றிய விதிகளும் இடத்துக்கு இடம் மாறுகின்றன. கோலாலம்பூர், மோண்ட் கியாராவிலுள்ள வெர்வ் சூட்ஸ் வழக்கு இதில் ஒரு திருப்புமுனை. அங்குள்ள வீட்டு உரிமையாளர்கள் 2017இல் கூட்டம் கூட்டிக் குறுகிய கால வாடகைக்குத் தடை விதித்தார்கள். மீறுவோருக்கு நாளொன்றுக்கு 200 ரிங்கிட் அபராதம். இதை எதிர்த்த வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றது. 2020 அக்டோபர் 2இல் நீதிமன்றம் கட்டட நிர்வாகக் கழகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் உரிமையாளர்கள் கூடி இத்தகைய விதியை இயற்றலாம் என்பது அதன் சாரம். சில நாள் தங்குபவர் சட்டத்தின் பார்வையில் வாடகைக் குடியிருப்பாளர் அல்லர், அனுமதி பெற்று வந்து போகிறவர் மட்டுமே என்றும் அத்தீர்ப்பு விளக்கியது.

2023இல் பினாங்கு மாநிலம் ஒரு படி மேலே சென்றது. தீவிலுள்ள குடியிருப்பு வகை அடுக்குமாடிகளில் குறுகிய கால வாடகைக்கு இடமில்லை, வணிக வகைக் கட்டடங்களில் மட்டும் கட்டுப்பாடுகளோடு நடத்தலாம் என்று அது வழிகாட்டி வகுத்தது. அதே 2023 ஜனவரி முதல், ஏர்பிஎன்பி போன்ற இணையத் தளங்கள் வழியாகத் தங்கும் வெளிநாட்டவரிடமும் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வசூலிக்கப்படுகிறது.

வரி வசூலிக்க வழி கண்டாயிற்று. எங்கே நடத்தலாம் என்பதற்கும் சில இடங்களில் விதி வந்தாயிற்று. ஆனால் வாசலில் நிற்பவர் யார் என்று யார் பார்ப்பது, பார்த்ததை என்ன செய்வது என்ற கேள்விக்கு வீட்டுக்கு வீடு பதில் மாறுகிறது.

மூவர் பார்த்தும் ஓட்டை

குறுகிய கால வாடகையில் அடையாளத்தைப் பார்க்கும் வாய்ப்பு மூன்று பேருக்கு உண்டு. முதலாவது, முன்பதிவு நடக்கும் இணையத் தளம். இரண்டாவது, வீட்டை நடத்துபவர். மூன்றாவது, கட்டடத்தின் பாதுகாவலர்.

இணையத் தளம் பார்ப்பது கணக்கு வைத்திருப்பவரை. அவருடைய அடையாள அட்டையையோ கடப்பிதழையோ கேட்கிறது. சில வேளைகளில் தற்படத்தோடு ஒப்பிடுகிறது. முன்பதிவு செய்தவர் ஒருவர், தங்குபவர் ஐவர் என்றால் மற்ற நால்வரைப் பற்றி அதற்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது.

வீட்டை நடத்துபவர், "தளம்தான் சரிபார்த்துவிட்டதே" என்று இருந்துவிடுகிறார். சாவி ஒரு பூட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது. இரகசிய எண் வாட்ஸ்அப்பில் போகிறது. கணக்கு வைத்திருப்பவரும் கதவைத் திறப்பவரும் ஒருவர்தானா என்று யாரும் பார்ப்பதில்லை.

பாதுகாவலருக்கோ யார் வருகிறார் என்ற பட்டியலே தரப்படுவதில்லை. குறுகிய கால வாடகையை அனுமதிக்காத கட்டடங்களில் நிலைமை இன்னும் மோசம். "கேட்டால் உரிமையாளரின் நண்பர் என்று சொல்லுங்கள்" என்று விருந்தினருக்கே பொய் சொல்லிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அந்தக் கட்டடத்தில் நள்ளிரவில் தீப்பிடித்தால் 18ஆவது மாடியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தீயணைப்பு வீரருக்கு யார் சொல்வது? பொய் சொல்லி நுழைந்த விருந்தினர் எந்தப் பதிவிலும் இல்லை.

இவ்வாறு மூவரும் அடுத்தவர் பார்த்திருப்பார் என்று நம்பும்போதுதான் ஓட்டை விழுகிறது. முகநூலில் பார்த்து நேரடியாகப் பேசி முடிக்கும் வீடுகளில் முதலாமவரான இணையத் தளமும் இல்லை. அங்கே யாரும் யாரையும் சரிபார்ப்பதில்லை.

அடையாளம் சொல்வதும் சொல்லாததும்

இணையத் தளங்கள் தாமாக முன்வந்து இந்தச் சோதனையைத் தொடங்கிவிடவில்லை. 2008இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஏர்பிஎன்பி, முதல் சில ஆண்டுகள் நம்பிக்கையையே மூலதனமாக வைத்து வளர்ந்தது. 2011இல் அதே நகரில் ஒரு பெண்ணின் வீட்டை விருந்தினர் சூறையாடிய சம்பவம் பெரும் செய்தியானது. அதன் பிறகே 24 மணிநேர உதவி எண்ணும், சேதத்துக்கு 50,000 அமெரிக்க டாலர் வரையிலான உத்தரவாதமும் வந்தன. அடுத்த ஆண்டு அந்தத் தொகை 10 லட்சம் டாலராக உயர்ந்தது. 2013இல் அடையாளச் சரிபார்ப்பு முறை அறிமுகமானது.

சரிபார்ப்பு வந்ததும் சிக்கல் தீர்ந்துவிட்டதா? 2019 அக்டோபர் 31ஆம் தேதி கலிஃபோர்னியாவின் ஒரிண்டா நகரில் நடந்ததைப் பாருங்கள். காட்டுத்தீப் புகையிலிருந்து தப்ப வேண்டும், ஆஸ்துமா உள்ள உறவினர்கள் 12 பேர் தங்க வேண்டும் என்று சொல்லி ஒரு பெண் ஓர் இரவுக்கு வீடு எடுத்தார். விருந்து நடத்தக்கூடாது என்று உரிமையாளர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். அன்றிரவு அங்கே சமூக ஊடகத்தில் விளம்பரப்படுத்தப்பட்ட விருந்து நடந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் கூடினர். அக்கம்பக்கத்தார் சத்தம் பற்றிப் புகார் சொன்னார்கள். வாசல் கேமராவில் 12 பேருக்கு மேல் இருப்பதைக் கண்ட உரிமையாளர் போலீசுக்குச் சொன்னார். அதற்குள் துப்பாக்கிச் சூடு நடந்து ஐவர் உயிரிழந்தார்கள். சில நாள்களில் விருந்து வீடுகளைத் தடை செய்வதாக அறிவித்த ஏர்பிஎன்பி, 2020இல் உலகம் முழுவதும் விருந்துகளுக்குத் தற்காலிகத் தடை விதித்து, 2022இல் அதை நிரந்தரமாக்கியது.

அடையாளச் சோதனை ஒருவர் யார் என்று சொல்லும். அவர் என்ன செய்யப்போகிறார் என்று சொல்லாது. ஒரிண்டாவில் ஆபத்தைக் காட்டிக்கொடுத்தவை வேறு: எத்தனை பேர் வருகிறார்கள், எதற்காக ஓர் இரவு மட்டும், அக்கம்பக்கத்தார் என்ன சொல்கிறார்கள் என்பவையே. வீட்டை நடத்துபவர் ஐசி படத்தை மட்டும் வாங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது.

அப்படியானால் அடையாளச் சோதனை வீணா? அதுவும் இல்லை. தன் உண்மைப் பெயர் பதிவாகிறது என்று தெரிந்தவர் தவறு செய்யுமுன் ஒருமுறை யோசிப்பார். ஏதாவது நடந்துவிட்டால் போலீசார் விசாரணையைத் தொடங்க ஒரு நுனி கிடைக்கும்.

பகுதிநேர வேலை, முழுநேரப் பொறுப்பு

வாடகை வீட்டைக் கவனித்துக்கொள்ளும் வேலையை மாணவர்கள் சிறிய வேலையாகவே நினைக்கிறார்கள். சட்டம் அப்படி நினைப்பதில்லை. 1952ஆம் ஆண்டின் அபாயகர போதைப்பொருள் சட்டத்தில் சில அனுமானங்கள் உள்ளன. ஓர் இடத்தைப் பராமரிப்பவராகவோ நிர்வகிப்பவராகவோ தோன்றுபவரை, மாறாக நிரூபிக்கப்படும் வரை, அந்த இடத்தின் பொறுப்பில் இருப்பவராகவே அச்சட்டம் கருதும். வீட்டுச் சாவி உங்கள் பையில் இருக்கிறது, விருந்தினருக்குப் பதில் எழுதுவதும் உங்கள் கைப்பேசி என்றால், அந்த வீட்டில் ஏதாவது பிடிபடும்போது முதல் கேள்வி உங்களிடம் வரக்கூடும். அப்போது கையில் இருக்க வேண்டியது யார், எந்த நாள், எத்தனை பேர் தங்கினார்கள் என்ற ஒழுங்கான பதிவு.

மோசடி அழைப்பு மையங்கள் கொண்டோமினியங்களில் இயங்கி, போலீசார் முற்றுகையிட்ட செய்திகளை நம் நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். நீண்ட காலக் குத்தகை என்றால் ஒப்பந்தம் இருக்கும், முத்திரை வரி இருக்கும். மூன்று நாள் வாடகையில் வாட்ஸ்அப் உரையாடல்தான் மிஞ்சும்.

இன்னொரு ஆபத்து உடல் சார்ந்தது. விருந்தினருக்கும் வீட்டை நடத்துபவருக்கும் தகராறு வந்தால், இரவு பதினொரு மணிக்கு அந்த வீட்டுக் கதவைத் தட்டப்போவது பெரும்பாலும் இருபது வயது பகுதிநேரப் பணியாளர்தான். தனியாக உள்ளே போகாமல் இருப்பது, பாதுகாவலரை உடன் அழைப்பது, மிரட்டல் என்றால் வெளியே வந்து 999க்கு அழைப்பது ஆகியவற்றை வேலையில் சேரும் நாளிலேயே பேசி முடிவு செய்ய வேண்டும். வேலை கொடுப்பவர் இதைப் பேச மறுத்தால் அந்த வேலை வேண்டாம்.

அந்த அட்டையில் என்ன இருக்கிறது?

இப்போது விருந்தினர் பக்கம் வருவோம். 2001இல் அறிமுகமான மைகார்டை எடுத்துப் பாருங்கள். பெயர், படம், முழு முகவரி, பாலினம், முஸ்லிம்களுக்கு மதம். அடையாள எண்ணின் 12 இலக்கங்களே பல செய்திகளைச் சொல்லிவிடும். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம் அல்லது நாடு. கடைசி இலக்கம் ஒற்றைப்படையாக இருந்தால் ஆண், இரட்டைப்படையாக இருந்தால் பெண். அறிமுகமில்லாத ஒருவர் கைப்பேசியில் இந்தப் படம் இருக்கிறது என்றால், ஓர் இளம் பெண்ணின் வயதும் வீட்டு முகவரியும் முகமும் அவரிடம் இருக்கின்றன என்று பொருள். அந்தக் கைப்பேசி தொலையலாம், விற்கப்படலாம், படம் வேறொரு குழுவில் பகிரப்படலாம்.

அட்டையையே வாங்கி வைத்துக்கொள்வது இன்னும் தவறு. பிறருடைய அடையாள அட்டையை அதிகாரமின்றிப் பறித்து வைப்பதை 1990ஆம் ஆண்டின் தேசியப் பதிவு விதிமுறைகள் குற்றமாகக் கருதுகின்றன. வீடமைப்புப் பகுதியின் பாதுகாவலரோ, வீட்டை நடத்துபவரோ "போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள்" என்று மைகார்டைப் பிடித்து வைக்க உரிமை இல்லை. அட்டையை நீட்டிக் காட்டலாம். கையிலிருந்து விட வேண்டியதில்லை.

படம் எடுத்து வைப்பவருக்கும் சுமை உண்டு. 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வணிகப் பரிவர்த்தனைக்காகப் பெறப்படும் தரவுகளுக்கு ஏழு கோட்பாடுகளை வகுத்துள்ளது. எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டும். பத்திரமாக வைக்க வேண்டும். தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும். 2024இல் வந்த திருத்தம் இக்கோட்பாடுகளை மீறுவதற்கான உச்ச அபராதத்தை 300,000 ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்த்தியது. தரவு கசிந்தால் அறிவிக்க வேண்டிய கடமை 2025 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. இரண்டு ஆண்டுகளாக வந்து போன விருந்தினரின் ஐசி படங்களை எல்லாம் கைப்பேசியில் சேர்த்து வைத்திருப்பவர், தனக்குப் பாதுகாப்பு என்று நினைத்துத் தனக்கே ஆபத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

இதோடு போலி ஹோம்ஸ்டே மோசடியும் சேர்கிறது. விடுமுறைக் காலத்தில் வேறொருவர் வீட்டின் படங்களைத் திருடி முகநூலில் விளம்பரம் போடுகிறார்கள். முன்பணமும் ஐசி படமும் வாங்கியபின் மறைந்துவிடுகிறார்கள். குடும்பம் இரவில் போய்ச் சேரும்போது அந்த முகவரியில் அப்படி ஒரு வாடகை வீடே இருக்காது. பணம் ஒருமுறை போனதோடு முடியும். அடையாள அட்டையின் படமோ போனது போனதுதான், திரும்ப வாங்க முடியாது. அதனால்தான் சோதனை இருவழியாக இருக்க வேண்டும் என்கிறோம். விருந்தினர் யார் என்று கேட்பவர், தான் யார் என்றும் காட்ட வேண்டும்.

பெயரைப் பார்த்து மறுத்தால்?

நம் சமூகத்துக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. அறை வாடகை விளம்பரங்களில் எந்த இனத்தவர் வேண்டும், எந்த இனத்தவர் வேண்டாம் என்று எழுதியிருப்பதை வீடு தேடிய மாணவர்கள் பலர் பார்த்திருப்பார்கள். அடையாள அட்டையை முன்கூட்டியே அனுப்பச் சொல்லும்போது, சோதனை என்ற பெயரில் பெயரையும் முகத்தையும் பார்த்து வடிகட்டும் வேலை நடக்கலாம்.

இது வெறும் ஊகம் அல்ல. ஹார்வர்ட் வணிகப் பள்ளி ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஏர்பிஎன்பி வழியாக ஒரு சோதனை நடத்தினார்கள். மற்ற விவரங்கள் ஒரே மாதிரி இருந்தும், கறுப்பின அமெரிக்கரின் பெயர் போலத் தெரிந்த பெயர் கொண்டவர்களின் கோரிக்கைகள் ஏற்கப்படும் வாய்ப்பு ஏறக்குறைய 16 விழுக்காடு குறைவாக இருந்தது. பின்னர் 2018இல், முன்பதிவை ஏற்ற பிறகே விருந்தினரின் படம் வீட்டுக்காரருக்குத் தெரியும்படி ஏர்பிஎன்பி மாற்றம் செய்தது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வரிசை. முன்பதிவை ஏற்பது முதலில். அடையாளத்தை ஒப்பிடுவது வாசலில். வரிசை மாறினால் பாதுகாப்புக்காக வந்த சோதனை பாகுபாட்டுக்குக் கருவியாகிவிடும்.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

அண்டை நாடான சிங்கப்பூர் கதவையே மூடிவிட்டது. அங்கே தனியார் வீட்டைக் குறைந்தது 3 மாதத்துக்கும், வீவக வீட்டைக் குறைந்தது 6 மாதத்துக்கும்தான் வாடகைக்கு விடலாம். 2018இல் ஏர்பிஎன்பி வழியாக நான்கு வீடுகளைச் சட்டவிரோதமாகக் குறுகிய காலத்துக்கு விட்ட இருவருக்குத் தலா 60,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. நீண்ட கால வாடகையிலும் சோதனை கடுமை. வெளிநாட்டவருக்கு வீடு விடுபவர் மூல அனுமதி அட்டையைப் பார்க்க வேண்டும், அதைக் கடப்பிதழோடு ஒப்பிட வேண்டும், வழங்கிய அரசாங்க அமைப்பிடம் உறுதிப்படுத்த வேண்டும். ஆகவே "சிங்கப்பூரில் இரண்டு நாளுக்கு வீவக வீடு" என்று சமூக ஊடகத்தில் விளம்பரம் கண்டால் ஜொகூர் மாணவர்கள் விலகிப்போவதே நல்லது.

ஜப்பான் நடுவழியை எடுத்தது. 2018 ஜூன் 15இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி வீட்டை நடத்துபவர் பதிவு செய்ய வேண்டும். விளம்பரத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 180 நாளுக்கு மேல் விடக்கூடாது. விருந்தினர் பட்டியல் வைக்க வேண்டும். நேரில் போக முடியாதவர் காணொளி வழியாக முகத்தைப் பார்த்து உறுதி செய்யலாம்.

ஸ்பெயினில் நடந்தது நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. 2024 டிசம்பர் முதல் அங்கே தங்குமிடங்கள் விருந்தினர் விவரங்களை உள்துறை அமைச்சுக்கு அனுப்பியாக வேண்டும். உடனே எல்லாரும் அடையாள அட்டையின் நகலைக் கேட்கத் தொடங்கினார்கள். 2025இல் அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு குறுக்கிட்டது. தேவையான விவரங்களை மட்டும் பெறுங்கள், அட்டையைக் கண்ணால் பார்த்து ஒப்பிடுங்கள், முழு நகல் கேட்காதீர்கள் என்று அது தெளிவுபடுத்தியது. விருந்தினர் விவரங்களை விரிவாகக் கேட்கும் அரசாங்கத்துக்கே அட்டையின் படம் தேவைப்படவில்லை.

நமக்கு எது பொருந்தும்?

"படம் இல்லாவிட்டால் நாளை போலீசார் கேட்கும்போது எதைக் காட்டுவேன்?" என்று வீட்டை நடத்துபவர் கேட்கலாம். ஹோட்டல் பதிவேட்டில் இருப்பதைக் காட்டினால் போதும். முழுப் பெயர், அடையாள எண் அல்லது கடப்பிதழ் எண், வந்த நாள், போன நாள், எத்தனை பேர். இந்த விவரங்களைக் கொண்டு மற்றதைக் கண்டறியும் அதிகாரம் போலீசாருக்கு உண்டு. இணையத் தளத்தின் வழியாக நடந்த முன்பதிவென்றால் பணம் செலுத்திய தடயமும் அங்கே இருக்கும். விண்ணப்பம் ஒன்றுக்குத் தேவைப்படாத படத்தைச் சேர்த்து வைப்பதால் வீட்டுக்குக் கூடுதல் பாதுகாப்பு எதுவும் வந்துவிடாது.

வீட்டை நடத்துபவர்களும் அவர்களிடம் பணிபுரியும் இளையோரும் செய்யக்கூடியவை எளியவை. முன்பதிவின்போதே எத்தனை பேர், எதற்காக என்று கேளுங்கள். வந்ததும் நேரிலோ காணொளி அழைப்பிலோ முன்பதிவு செய்தவரின் முகத்தையும் அட்டையையும் ஒப்பிடுங்கள்; பதிவேட்டில் எழுதுங்கள்; அட்டையைத் திருப்பிக் கொடுங்கள். ஒவ்வொரு விருந்தினருக்குப் பிறகும் கதவின் இரகசிய எண்ணை மாற்றுங்கள். வாசலுக்கு வெளியே கேமரா இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், வீட்டுக்குள் வேண்டாம். ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் கேமராவை உலகம் முழுவதும் தடை செய்துள்ளது. கட்டடத்தின் பாதுகாவலரிடம் வருவோரின் பெயர்ப் பட்டியலைக் கொடுங்கள். கட்டடம் அனுமதிக்காவிட்டால் வேறு இடம் பாருங்கள். விருந்தினரைப் பொய் சொல்ல வைக்காதீர்கள்.

விருந்தினர்கள் முன்பணம் அனுப்புமுன், போலீசாரின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்த வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் சரிபார்க்கலாம். "ஐசியை வாசலில் காட்டுகிறேன்" என்று சொல்வது மரியாதைக் குறைவு அல்ல. படம் அனுப்பியே ஆக வேண்டிய நிலை என்றால், எதற்காக, எந்த நாளுக்கு என்று படத்தின் குறுக்கே எழுதி, முகவரியை மறைத்து அனுப்புங்கள். முகம் தெரியாத நண்பரின் நண்பருக்காக உங்கள் பெயரில் வீடு எடுத்துக் கொடுக்காதீர்கள்; பதிவில் நிற்கப்போவது உங்கள் பெயர். மோசடியில் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 997 என்ற தேசிய மோசடி நடவடிக்கை மைய எண்ணை அழையுங்கள். முதல் சில மணிநேரம் மிக முக்கியம்.

தனிமனிதர்களின் கவனம் மட்டும் போதாது என்பதும் உண்மை. ஜப்பானில் உள்ளதுபோல் வீட்டை நடத்துபவருக்குப் பதிவு எண்ணும், அதை விருந்தினர் சரிபார்க்கும் வழியும் இங்கே நாடு முழுவதற்கும் வந்தால், போலி விளம்பரங்களின் கை பெருமளவு ஓயும். எந்த விவரத்தை எழுத வேண்டும், எத்தனை நாளில் அழிக்க வேண்டும், அட்டையின் படம் கூடாது என்பவையும் அந்த விதியிலேயே இடம்பெற வேண்டும். இவை இல்லாமல் "விருந்தினரின் அடையாளத்தைப் பெறுங்கள்" என்று மட்டும் சொன்னால், ஆயிரக்கணக்கான தனியார் கைப்பேசிகளில் நம் அட்டைகளின் படங்கள் குவிவதுதான் நடக்கும்.

அடுத்த விடுமுறைக்கு வீடு தேடும்போது, விலையையும் நீச்சல் குளத்தையும் பார்ப்பதோடு இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பாருங்கள்: "ஐசியைப் பார்ப்பீர்களா, வைத்துக்கொள்வீர்களா?" பதில் சொல்லத் தெரிந்தவர், தன் வீட்டையும் உங்களையும் பற்றி யோசித்தவராக இருப்பார்.